சலாமாவுக்கு அப்புறம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. அந்த முறுக்கு டின்னை வேணா நான் மடியில வச்சுக்கிறேன். வேணாமா, சரி. காலைல நல்லபடியா எழுந்திரிச்சீங்களா? ராத்திரி தூக்கம் எப்படி? வீட்ல எல்லாரும் சொகமா? பிள்ளைங்க? தோட்டம் தொரவு ஏதும் உண்டா? மழைதண்ணி பரவால்லையா அந்தப் பக்கம்? ஆடு மாடு?

எல்லாத்துக்கும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்றீங்க. சந்தோஷம். எதுவரைக்கும் போறீங்க? உத்தமபாளையமா. நான் சின்னமனூர். கம்பம் வண்டில ஆரப்பாளையத்துல ஏறி உக்காந்துட்டா கவலை இல்ல, பேசிக்கிட்டே போயிரலாம்.

எங்க வீட்டம்மாவைக் கூப்பிடப் போறேன். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ தம்பி மகளுக்குச் சடங்கு வச்சாங்க, போனா. சடங்கு முடிஞ்சு, பந்தல் பிரிச்சு, வாடகைப் பாத்திரத்தையெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. இவ மட்டும் திரும்பல. தினமும் நான் போன் போடறேன். 'பவுனு, நல்லாருக்கியா?'ங்கிறேன். 'நல்லாருக்கேன்'ங்கிறா. நல்லாருக்கிறவ ஏன் தம்பி வீட்ல உக்காந்திருக்கணும்? நான் ஒரு கம்பெனியவே கட்டி மேச்சவன் அண்ணாச்சி. வீட்ல இருக்கிறது ஒரே ஒரு ஆளு, அவ ஏன் வரலைன்னு எனக்குப் பிடிபடல. வீடு வெறிச்சுனு கிடக்கு. இன்னைக்கு அவளைக் கூட்டிட்டு வரணும். அவ வரலைன்னா அந்த வீட்டுக்கு நான் எதுக்குத் திரும்பிப் போகணும்னு இருக்கு.

கம்பெனின்னா இங்க இல்ல. ஆப்பிரிக்காவுல, தான்சானியால. முவான்சான்னு ஒரு ஊரு. கடல் மாதிரி ஏரி, கரையெல்லாம் பாறை. அந்த ஊர் வாத்தியாருங்க எல்லாம் சேர்ந்து பங்கு போட்டு ஒரு பிஸ்கட் கம்பெனி ஆரம்பிச்சிருந்தாங்க. நான் சாத்தூர்க்காரன், சேவும் பிஸ்கட்டுமா முப்பது வருஷம் அடுப்புப் பக்கமே நின்னவன். ஆள் தேடினாங்க, போனேன்.

அங்க போர்டுக்குத் தலைவி மாமா மகோயே. நம்ம மாமா இல்ல, அங்க அம்மாவைத்தான் மாமாம்பாங்க. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கண்ணாடிக்கு மேலாப்ல பாத்தாங்கன்னா நமக்கே வீட்டுப்பாடம் எழுதலையோன்னு தோணும். அந்தம்மா முத நாளே சொல்லிட்டாங்க. 'ராஜு, ரெண்டு வருஷம் பாப்போம். பிஸ்கட் நல்லாருக்கணும், ஆளுங்களும் நல்லாருக்கணும். ரெண்டும் நல்லாருந்தா நீங்க இங்கயே இருக்கலாம்.' எனக்கும் இருக்கணும்னுதான் ஆசை. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஊரு. வெயிலும் இல்ல, குளிரும் இல்ல. ஜெனரல் மேனேஜர்னு கதவுல பேரு. சாத்தூர்ல எனக்கு யாரு கதவுல பேரு போட்டா?

சரி, முத நாள் காலைல கம்பெனிக்குள்ள போறேன். ஒரு மிஷினும் ஓடல. ஆளுங்க ஜோடி ஜோடியா நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டு பேசுறாங்க. என்னன்னு பாத்தா, வணக்கம் சொல்றாங்களாம். ஃபோர்மேன் மபூலான்னு ஒருத்தன், ஆறடி ஆளு, வந்து என் கையைப் பிடிச்சான். பிடிச்சவன் விடல. எப்படி எழுந்திரிச்சீங்க? சலாமா. சலாமான்னா சொகம். வீடு எப்படி? சலாமா. பயணம் எப்படி? சலாமா. ஊர்ல அம்மா எப்படி? எங்க அம்மாவைக் கேக்கல, பவுனைக் கேக்கிறான். கையை உருவவும் முடியல. சலாமா, சலாமா.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாலஞ்சு சலாமா போன பிறகு, குரலைத் தாழ்த்தி, 'லகீனி'ம்பாங்க. லகீனின்னா 'ஆனா'ன்னு அர்த்தம். நம்ம பாய் கடைல லேகின்பாங்களே, அதுக்குச் சொந்தக்காரன். அந்த லகீனிக்கு அப்புறந்தான் ஒவ்வொண்ணா வெளிய வரும். பல்வலி, மச்சினன் பண்ற அடாவடி, கூரை ஒழுகறது எல்லாம். வீட்ல எழவே விழுந்திருந்தாலும் முதல்ல சலாமாதான். எடுத்த எடுப்புல கெட்ட சேதியைத் தூக்கி எதிராளி தலையில போடறது மரியாதை இல்லையாம்.

நீங்களே சொல்லுங்க, அடுப்பு காயுது, மாவு புளிக்குது, இங்க மச்சினன் கதை. நிர்வாகம்னா என்ன அண்ணாச்சி? வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. அந்த வாரமே சட்டம் போட்டேன். ஒரு கேள்வி, ஒரு பதில். காலைல கேட்டுல நானே நின்னேன். ஒவ்வொருத்தரையும் 'சலாமா?'ன்னு கேப்பேன். 'சலாமா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிறணும். லகீனியை கேட்டுக்கு வெளியவே வச்சுட்டு வாங்கன்னுட்டேன். இதுல பாருங்க, ஆளுங்க நலம் விசாரிச்ச மாதிரியும் ஆச்சு, நேரமும் மிச்சம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

ஒருத்தரும் எதுத்துப் பேசல. சொன்ன சொல்லைத் தட்டாத சனம். மபூலாதான் கொஞ்ச நாள் தடுமாறினான். சலாமான்னு சொல்லிட்டு நிப்பான். என் மூஞ்சியையே பாப்பான். 'இன்னும் என்னப்பா? போ'ம்பேன். போயிருவான்.

போர்டு மீட்டிங்குல மாமா மகோயே கேட்டாங்க, 'ஆளுங்க எப்படி இருக்காங்க?' எல்லாரும் சலாமான்னேன். 'எல்லாருமா?' எல்லாரும்னேன். கண்ணாடிக்கு மேலாப்ல பாத்தாங்க. 'இத்தனை பேர் இருக்கிற இடத்துல ஒருத்தருக்குக்கூட பல்வலி இல்லையா, ராஜு?' எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் காலத்துல மீட்டிங்கு பூரா புகாராத்தான் இருக்குமாம். அந்தம்மா அசந்து போயிட்டாங்க.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீ ஏதும் குடிக்கிறீங்களா? வேணாமா. கொஞ்சம் மூக்குப்பொடி? பழக்கம் இல்லையா, நல்லது. எனக்கு இது இல்லாட்டி மூளை ஓடாது. பட்டணம் பொடி. அங்க இருந்தப்பவும் பவுனு பார்சல்ல அனுப்பிருவா. இதால என்ன, வாசம் மட்டும் சரியாத் தெரியாது. பிஸ்கட்டுக்கு வாசம் முக்கியமேன்னு கேப்பீங்க. நான் வாசம் பிடிச்சுப் பாக்கிற ஆள் இல்ல, கலரைப் பாத்தே சொல்லிருவேன்.

மழைக்காலம் வந்துச்சு. மைதா மூட்டை அடுக்க இடம் பத்தல. டவுனுக்குள்ள நல்ல கோடவுன் யானை விலை. ஏரிக்கரையில ஒண்ணு கொள்ளை மலிவா வந்துச்சு. நானே நேர்ல போய்ப் பாத்தேன். தரை காஞ்சு கிடக்கு, கூரை ஒழுகல, வெள்ளையடிச்சிருக்கு. முடிச்சுட்டேன். அதுக்கு முன்னாடி அங்க என்ன வச்சிருந்தாங்கன்னு நான் கேக்கல, கோடவுன்காரனும் சொல்லல. டகான்னு ஒரு பொடி மீனு அண்ணாச்சி. நம்ம நெத்திலி மாதிரி. ஏரியில பிடிச்சு, காயவச்சு, மூட்டை மூட்டையா அடுக்குவாங்க. வருஷக்கணக்கா அந்தக் கோடவுன்ல அதான் இருந்திருக்கு. பக்கத்துத் தடுப்புல அப்பவும் இருந்திருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்?

மூட்டையை எல்லாம் ஏத்தி வச்சுட்டு வந்து மபூலா நிக்கிறான். 'கோடவுன் எப்படி?'ன்னேன். 'சலாமா'ன்னான். மூக்கைத் தேச்சுக்கிட்டே நிக்கிறான். வாயைத் தெறக்கிறான், மூடுறான். பய ஜலதோஷத்துல கிடக்கான்னு பாவமா இருந்துச்சு. பொடி டப்பாவை நீட்டினேன். ஒரு சிட்டிகை போட்டுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, தும்மிக்கிட்டே போயிட்டான். ஆள் மேல அக்கறை இல்லாமலா பொடியை நீட்டினேன்?

அந்த மாசம் கம்பெனியைச் சுத்தி ஒரே பூனையா வந்துச்சு. கேட்டுல பூனை, கூரையில பூனை, என் சீட்ல பூனை. சரி, எலித் தொல்லை ஒழிஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். அதையும் போர்டுல சொன்னேன்.

டிரைவரும் அப்படித்தான். 'வண்டி எப்படிப்பா?' 'சலாமா.' ஏறி உக்காந்தேன். ஊரைத் தாண்டி பொட்டல்ல வண்டி நின்னு போச்சு. டீசல் இல்ல. ஏண்டா சொல்லலன்னா, 'வண்டி சலாமாதான் ஐயா, லகீனிக்குத்தான் அனுமதி இல்லையே'ங்கிறான். குசும்புன்னா குசும்பு. நடந்தே வந்தோம் ரெண்டு பேரும். வழியில அவன் என்னமோ சொல்ல வந்தான். கம்பெனி நேரம், பேசாம நடன்னுட்டேன்.

இப்ப ஆண்டிபட்டி கணவாய் வரும், கம்பியைப் பிடிச்சுக்கங்க. கதையோட திருப்பமே இங்கதான்.

வருஷாந்திரக் கூட்டம். பங்கு போட்ட வாத்தியாருங்க, டீச்சருங்க எல்லாரும் குடும்பத்தோட கம்பெனி வாசல்ல பந்தல்ல உக்காந்திருக்காங்க. என்னை நிரந்தரம் பண்றதை அன்னைக்குத்தான் சொல்லணும். புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். டீயும் புது பிஸ்கட்டும் குடுத்தோம். புது மைதால போட்டது. கலர்னா கலர், பொன்னு மாதிரி. எல்லாரும் கடிச்சாங்க. கடிச்சவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. ஒரு வயசான வாத்தியாரு மெல்லமா கைக்குட்டையை எடுத்து வாயைத் தொடச்சு, தொடச்சதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு. நான் மைக்குல கேட்டேன், 'பிஸ்கட் எப்படி?' பந்தலே சேர்ந்து சொல்லுது, 'சலாமா.' எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. மேடைக்கு ஒரு பூனை வந்து என் கால்ல உரசுது. அதுக்கும் ஒரு பிஸ்கட் போட்டேன். அது மட்டுந்தான் முழுசாத் தின்னுச்சு.

இல்ல, மாமா மகோயேவும் முழுசாத் தின்னாங்க. மெதுவா, ஒரு துணுக்கு விடாம, தண்ணி குடிக்காம. தின்னுட்டு எழுந்திரிச்சாங்க. இப்ப நம்ம பேரைச் சொல்லுவாங்கன்னு நான் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நிக்கிறேன். அந்தம்மா நேரா பந்தல் ஓரத்துக்குப் போயி, மபூலா கையைப் பிடிச்சாங்க.

ஆரம்பிச்சாச்சு. எப்படி எழுந்திரிச்ச? சலாமா. வீடு எப்படி? சலாமா. பிள்ளைங்க? சலாமா. மழை? மாடு? அக்கம் பக்கம்? சலாமா. கூட்டமே கம்முனு கேட்டுக்கிட்டு இருக்கு. நான் வாட்சைப் பாக்கிறேன். அந்தம்மா கையை விடல. ஒரு கட்டத்துல கேள்வி தீந்து போச்சு, ஆனாலும் கையை விடல. சும்மா நின்னாங்க.

அப்ப மபூலா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'லகீனி, மாமா'ன்னான்.

அவ்வளவுதான் அண்ணாச்சி. கண்மாய் உடைஞ்ச மாதிரி. மாவுல டகா நாத்தம் அடிக்குது. மாவு சலிக்கிற பொம்பளைக்கு சேத்துப் புண்ணு மாதிரி கையில புண்ணு. அடுப்பு பெல்ட்டு ஒரு பக்கமா இழுக்குது, இன்னைக்கோ நாளைக்கோ அறுந்துரும். அவனைப் பாத்து அடுத்த ஆளு லகீனிங்கிறான், அதுக்கு அடுத்தவ லகீனிங்கிறா. டிரைவரு வீட்ல மக ஓடிப்போயிட்டாளாம், அன்னைக்குப் பொட்டல்ல சொல்ல வந்தது அதானாம். பொழுது சாயிற வரைக்கும் லகீனி. கடைசியில மாமா மகோயே மபூலாகிட்ட, 'வேற?'ன்னாங்க. அவன், 'பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருக்கா மாமா, மழை ஆரம்பிச்சதுல இருந்து'ன்னான். அங்க இருந்து நேரா வேலைக்கு வந்து, வேலையில இருந்து நேரா அங்க போயிருக்கான்.

கேட்டப்ப, பொடி போடத் தெறந்த டப்பாவை அப்படியே மூடிட்டேன். பொய் சொல்லல. நானும் மனுஷன்தானே. ஆனா என் மேல என்ன தப்பு? தினம் காலைல கேட்டுல நின்னு அவனைக் கேக்காமலா இருந்தேன்? அவந்தானே சலாமான்னான்? அந்தப் பொண்ணு பொழைச்சுட்டா, சாமி புண்ணியம். இப்ப நடமாடுறாளாம்.

மறுநாள் காலைல அந்தம்மா என் ரூமுக்கு வந்தாங்க. கத்துவாங்கன்னு எதிர்பாத்தேன். கத்தல. என் கையைப் பிடிச்சாங்க. எப்படி எழுந்திரிச்சீங்க ராஜு? சலாமான்னேன். தூக்கம்? சலாமா. சாப்பாடு? சலாமா. ஊர்ல வீட்டம்மா? சலாமா. வேலை? அதுவும் சலாமா. கேள்வி தீந்துச்சு. கையை விடல, நிக்கிறாங்க. நானும் நிக்கிறேன். ஏதோ சொல்லணும்னு எதிர்பாக்கிறாங்கன்னு தோணுச்சு. 'தேங்க்யூ மாமா, அவ்வளவுதான்'னேன்.

அப்பத்தான் கையை விட்டாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? 'ராஜு, ஒரு குறையுமே இல்லாத ஆளை வச்சுக்க எங்களுக்குப் பயமா இருக்கு. நீங்க ஊருக்குப் போங்க.'

உலகத்துல எங்கயாவது உண்டா? குறை இருக்குன்னு வேலையை விட்டு அனுப்புவாங்க. குறை இல்லைன்னு அனுப்பினாங்க என்னை. நான் இதைச் சொன்னா சாத்தூர்ல எவனும் நம்ப மாட்டேங்கிறான். நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க.

ஏர்போர்ட்டுக்கு மபூலாதான் கொண்டுவந்து விட்டான். பெட்டியை இறக்கி வச்சுட்டு கையைப் பிடிச்சான். 'ஊர்ல அம்மா எப்படி?'ன்னான். 'சலாமாப்பா, தினம் போன்ல கேக்கிறேன், நல்லாருக்கேன்னு சொல்றா'ன்னேன். 'அப்புறம்?'ங்கிறான். அப்புறம் என்ன, வச்சிருவேன்னேன். அவன் என்னைப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை. நான் ஏதோ பெத்த தாயைப் பறிகொடுத்து நிக்கிற மாதிரி. இவனுக்கு எதுக்கு நம்ம மேல பரிதாபம்னு எனக்கு விளங்கல. உள்ள போற வரைக்கும் கையை விடல அந்தப் பய.

தேனி வந்துட்டோம். நல்ல வேகமாத்தான் ஓட்டுறான்.

ஊருக்கு வந்து பாத்தா, வீட்லயும் நிர்வாகம் சரியில்ல. பவுனு ஒரு காபியைப் போட ஆரம்பிச்சா, பக்கத்து வீட்டுக் கதையில தொடங்கி அவ சித்தி முட்டிவலி வரைக்கும் போவா. நான் ரெண்டு வருஷம் அங்க இருந்தேனா, அதையெல்லாம் சேத்து வச்சு இப்பச் சொல்றா போல. சரி, பழகின சட்டம்தானேன்னு, 'பவுனு, ஒரு கேள்வி ஒரு பதில்'னேன். கப்புனு பிடிச்சுக்கிட்டா. நல்ல புத்திசாலி. சாப்பாடு ரெடியா? ரெடி. உடம்பு எப்படி? நல்லாருக்கு. வீடு அமைதியா இருந்துச்சு, கோயில் மாதிரி. அப்புறந்தான் சடங்குக்குப் போனா.

இருங்க, போன் அடிக்குது. அவதான். அவளாக் கூப்பிட மாட்டாளே. ஹலோ? ஆங், பவுனு. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். வீரபாண்டி தாண்டிருச்சு. நல்லாருக்கியா? ... நல்லாருக்கியா, சரி. தம்பி வீட்ல எல்லாரும் சொகமா? ... தம்பி மகளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனது எல்லாம் நல்லபடியா? ... சித்தி முட்டிவலி? ... ராத்திரி தூக்கம்? ... மழை பெஞ்சுதா அங்க?

அண்ணாச்சி, எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னுதான் சொல்றா. கேக்க வேற ஒண்ணும் இல்ல. சும்மா போனைக் காதுல வச்சுக்கிட்டு இருக்கேன். வச்சுரட்டுமா? வேணாம், இருக்கட்டும்.

ம்? ... சொல்லு பவுனு. 'ஆனா'வா? ... ம். ... ம். ... எந்த ஆபரேஷன்? ... நான் அங்க இருந்தப்பவா? யாரு கூட இருந்தா? ... தம்பி பொண்டாட்டியா. ... நீ ஏன் ஒரு வார்த்தை... இல்ல, இல்ல, நீ சொல்லு. நான் குறுக்க பேசல. ... ம். ... பார்சல் கட்டுனது ஆஸ்பத்திரில இருந்தா? அந்தப் பொடிப் பார்சலா? ... ம்.

...

நானா? நான் நல்லாருக்கேன் பவுனு. ... சாப்பாடு நல்லாருக்கு. ... தூக்கம் நல்லாருக்கு. ... வீடும் நல்லாருக்கு.

அண்ணாச்சி, அவ வைக்க மாட்டேங்கிறா. பேசவும் மாட்டேங்கிறா. சும்மா இருக்கா அந்தப் பக்கம்.

என்ன கண்டக்டர் தம்பி? சின்னமனூரா? தெரியுது, தெரியுது. நீ விசிலை ஊது. இல்லப்பா, இப்ப இறங்கல, பேச்சு முடியல. கம்பத்துக்கே ஒரு டிக்கெட் குடு. அண்ணாச்சி, அவர்கிட்ட கொஞ்சம் நீங்களே வாங்கி வைங்க, ஒரு கையில போன் இருக்கு, இன்னொரு கையால கண்ணைத் தொடச்சுக்கிறேன். பொடி கண்ணுல பட்டுருச்சு.

பவுனு, இருக்கியா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஆனா, பவுனு...